விளக்கமறியலும் ஊசி நாளும்: மனநோயுள்ள கைதிகள் வன்னியில் எப்படி வைத்தியசாலைக்குப் போகிறார்கள்

வன்னியில் ஒரு நீதவான் நீதிமன்றம். காலை பதினொரு மணி இருக்கும். கூண்டில் நின்ற பொடியனிடம் பெயர் கேட்டார்கள். அவன் பதில் சொல்லவில்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்த விசிறியைப் பார்த்தபடி யாரோடோ மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டிருந்தான். சிறைக்காவலர் தோளில் தட்டியும் திரும்பவில்லை. பின்வாங்கில் இருந்த தாய் எழும்பி, கையிலிருந்த சொப்பிங் பையைத் தூக்கிக் காட்டினார். "ஐயா, இவனுக்கு மாத ஊசி போடுற நாள் போய் மூண்டு கிழமை. கிளினிக் கொப்பி என்னட்டத்தான் இருக்கு ஐயா." அனுமதியில்லாமல் பேசக்கூடாது என்று பொலிஸ்காரர் அவரை இருத்தினார். ஆனால் நீதவானின் காதில் அது விழுந்துவிட்டது. கொப்பியை வாங்கி இரண்டு மூன்று பக்கம் புரட்டினார்.

பொடியன் மீதிருந்த குற்றச்சாட்டு, அயல்வீட்டுத் தண்ணீர் மோட்டரைக் களவெடுத்தது. அன்று அவன் விளக்கமறியலுக்கு, அதாவது தீர்ப்புக்கு முந்திய சிறைக் காவலுக்கு, திரும்பிப் போகவில்லை. மனநல வைத்தியரிடம் காட்டி அறிக்கை பெறும்படி கட்டளை வந்தது. நீதிமன்றச் செய்தி எடுக்கப் போகும் எனக்கு இப்படியான கட்டளைகள் புதியவை அல்ல. ஆனால் அந்தத் தாய் எழும்பியிருக்காவிட்டால், அல்லது பையை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை யோசித்துப் பார்க்கிறேன். இன்னொரு 14 நாள். அப்புறம் இன்னொரு 14 நாள்.

இந்த விடயத்தில் நாங்கள் எல்லோரும், சில வேளை சட்டத்தரணிகள் உட்பட, மூன்று கேள்விகளை ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிடுகிறோம். முதலாவது: சம்பவம் நடந்த நேரத்தில் அந்த ஆளுக்குச் சித்தசுவாதீனம் இருந்ததா? 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 77 ஆம் பிரிவு இதைப் பற்றியது. தான் செய்வது என்ன, அது பிழையா என்பதை அறிய முடியாத நிலையில் ஒருவர் செய்த செயல் குற்றமாகாது என்கிறது அது. இரண்டாவது: இன்று அவரால் வழக்கை விளங்கிக்கொள்ளவும், தன் சட்டத்தரணிக்கு விபரம் சொல்லவும் முடியுமா? இதற்கு 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவைச் சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. மூன்றாவது கேள்வி மிகச் சாதாரணமானது: இன்று இந்த மனுசனுக்கு வருத்தமா, மருந்து வேண்டுமா?

முதல் கேள்வி வழக்கின் முடிவைப் பற்றியது. அதை நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவரிடமே இருக்கிறது. விடை வர வருடங்கள் ஆகலாம். இரண்டாவதை நீதிமன்றம் விசாரித்துத் தீர்மானிக்க வேண்டும். மூன்றாவதற்கு ஒரு வைத்தியர் போதும். சிறையிலிருந்து வைத்தியசாலைக்குப் போவதற்கு வேண்டியது இந்த மூன்றாவது கேள்விக்கான 'ஓம்' மட்டும்தான். ஒரு கைதிக்கு குடல்வால் வீங்கினால் அவன் குற்றவாளியா நிரபராதியா என்று தெரியும்வரை யாரும் காத்திருப்பதில்லை. மனம் குழம்பினால் மட்டும் காத்திருக்கிறோம். காரணம், மனநோய் என்று சொன்னவுடனேயே "தப்பப் பாக்கிறான்" என்ற சந்தேகம் எழும்பிவிடுகிறது.

அந்தச் சந்தேகத்தையும் கொஞ்சம் பார்ப்போம். நடிப்பவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள்தான். ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்கும் மிகச் சரியான இடம் மனநல விடுதிதான். அரை மணி நேரம் நீதிமன்றத்தில் நடிக்கலாம். இரவு இரண்டு மணிக்குச் சுற்றிவரும் தாதிக்கு முன்னால், நாட்கணக்கில், நித்திரையையும் பசியையும் சேர்த்து நடிப்பது லேசல்ல. அடுத்தது, வழக்கை எதிர்கொள்ளும் மனநிலை இல்லை என்று தீர்மானித்தால் ஆள் விடுதலையாகிவிடுவதில்லை. வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது, அவ்வளவுதான். தனக்கோ பிறருக்கோ தீங்கு வராமல் பார்த்துக்கொள்வோம் என்று உறவினர் பொறுப்பெடுத்தால், பிணை கொடுக்கக்கூடிய குற்றமாகவும் இருந்தால், வீட்டுக்கு அனுப்பலாம். இல்லாவிட்டால் பத்திரமான காவலில் வைக்கச் சொல்லி, விடயம் அமைச்சர் மட்டம் வரை போகிறது. குணமானதும் வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும். சாதாரண களவுக்குத் தண்டனைச் சட்டக்கோவை விதிக்கும் உச்ச தண்டனை 3 ஆண்டு மறியல். 'தப்பிய' ஒருவர் அதைவிட நீண்ட காலம் காவலில் கிடக்க நேரலாம் என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

சரி, உண்மையில் ஆளை எங்கே கொண்டுபோகிறார்கள்?

வவுனியா சிறைக்கு வருகிறவர்கள் வவுனியாக்காரர் மட்டுமல்ல. மன்னார், முல்லைத்தீவு நீதிமன்றங்கள் விளக்கமறியலுக்கு அனுப்புபவர்களும் பெரும்பாலும் அங்கேதான் வருகிறார்கள். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வந்து ஏ9 வீதியால் இறங்கினால் ஏறத்தாழ 100 கிலோமீற்றர். அதாவது கைதி ஒரு மாவட்டத்தில், குடும்பம் இன்னொரு மாவட்டத்தில், வழக்கும் குடும்பம் இருக்கும் மாவட்டத்தில். மருந்தின் வரலாறு முழுவதும் குடும்பத்திடம் இருக்கும் அந்தக் கொப்பிக்குள். மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மனநலக் கிளினிக்குகள் நடக்கின்றன. சிறைக்கு வரும் வைத்தியர் சந்தேகித்தால் அங்கே அனுப்பலாம், நீதவானும் கட்டளையிடலாம். கடுமையான நிலை என்றாலோ, நீதிமன்றத்துக்கு விரிவான அறிக்கை வேண்டும் என்றாலோ, அல்லது கொலை போன்ற பாரிய குற்றம் என்றாலோ, அடுத்த சொல் கொழும்புக்குப் பக்கத்து அங்கொடை மனநல வைத்தியசாலை.

அங்கொடை என்ற பெயர் எங்கள் பேச்சில் ஏச்சாகவே பழகிப்போனது. "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்" என்று சொல்லாத வீடு குறைவு. 1926 இல் தொடங்கிய அந்த வைத்தியசாலை 2008 இலிருந்து தேசிய மனநல நிறுவகம். சட்டத்தோடு தொடர்புபட்ட நோயாளிகளுக்கான தனிப் பிரிவு அங்கே இருக்கிறது. அதன் இலவச உதவித் தொலைபேசி இலக்கமும் 1926 தான். பெயரில் ஒட்டிய கறை அந்த இடத்தின் குற்றமல்ல. ஆனால் வவுனியாவிலிருந்து அது ஏறத்தாழ 250 கிலோமீற்றர். புதுக்குடியிருப்பில் கூலி வேலை செய்யும் ஒரு தாய்க்கு அது பஸ் காசு, ஒரு நாள் சம்பளம், ஓர் இரவு தங்குமிடம், தெரியாத மொழி. முதல் மாதம் போவார். மூன்றாம் மாதம் போக மாட்டார்.

மொழியைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நெஞ்சு வைத்தியருக்கு ஸ்டெதஸ்கோப் இருக்கிறது, எலும்பு வைத்தியருக்கு எக்ஸ்ரே இருக்கிறது. மனநல வைத்தியருக்கு இருப்பது நோயாளி வாயால் சொல்வதும் சொல்லாமல் விடுவதும். வன்னியில் ஒருவர் "அண்டைக்கு ஷெல் விழேக்க ஏங்கிப் போனனான், அதுக்குப் பிறகு சரியில்லை" என்கிறார். இந்த 'ஏங்கிப் போனது' வெறும் பயம் அல்ல, ஏக்கமும் அல்ல. உயிர் ஒரு கணம் உடம்பை விட்டு விலகி நின்ற மாதிரி ஒரு அதிர்ச்சி. எங்கள் ஊரில் குழந்தை ஏங்கிப் போனால் தண்ணி ஓதிக் கொடுப்பார்கள். இதைப் பக்கத்தில் நிற்கும் சிறைக்காவலர் தனக்குத் தெரிந்த தமிழை வைத்து மொழிபெயர்த்தால் "பயந்துவிட்டாராம்" என்று முடிந்துவிடும். "நெஞ்சு பதறுது" நெஞ்சு வலியாகிவிடும். காவலில் இருப்பவரின் மனதைத் திறக்கும் வேலைக்கு, அவரைக் காவல் காப்பவரே வாயாக இருப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு: சிறைக்குள் அடி விழுந்திருந்தால் அதை அவர் மூலமாக எப்படிச் சொல்வது?

இந்த மண்ணில் இந்தக் கேள்விக்குக் கனம் கூட. போர் முடிந்த 2009 இல் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் செட்டிகுளம் மனிக் பாம் உள்ளிட்ட முகாம்களுக்குள் வந்தார்கள். யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களைப் பற்றி 2010 இல் எழுதிய ஆய்வில், தனி ஆட்களின் காயத்தை விட, குடும்பமும் ஊரும் சேர்ந்து உடைந்த கூட்டுக் காயத்தைப் பற்றியே பேசினார். ஆனால் ஒன்று, சிறையில் மனம் குழம்பிய ஒவ்வொருவரையும் போரின் கணக்கில் எழுதிவிடுவதும் பிழை. மனச்சிதைவு நோய் போர் நடக்காத நாடுகளிலும் வருகிறது. வியாதிக்கு மருந்து வேண்டும். சரித்திரம் மட்டும் போதாது.

இன்னொரு வகை இருக்கிறது, அது மனநோயே அல்ல. கசிப்பு, அதாவது களவாக வடிக்கும் சாராயம். தினமும் குடித்துப் பழகியவர் ஏதோ ஒரு சில்லறை வழக்கில் விளக்கமறியலுக்குப் போகிறார். உள்ளே ஒரு சொட்டும் இல்லை. முதல் நாள் கை நடுங்கும். இரண்டாம், மூன்றாம் நாள் இரவு வியர்த்து ஊற்றும், சுவரில் பூச்சி ஓடுவதாகப் பிடிப்பார், இல்லாத ஆளைக் கூப்பிடுவார். பக்கத்தில் படுத்திருப்பவர்கள் "விசர் பிடிச்சிட்டுது" என்பார்கள். சிலர் பேய் என்பார்கள். கடைசியாகக் குடித்து 48 முதல் 96 மணி நேரத்துக்குள் வரும் இந்தக் குழப்பம் கவனிக்காவிட்டால் உயிரை எடுக்கும். இது அங்கொடைக்கு அனுப்பும் விடயமல்ல, அந்த இரவே பக்கத்து வைத்தியசாலையில் சேர்த்து, நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தும் விற்றமின் பி1 ஊசியும் கொடுக்க வேண்டிய அவசரம். உள்ளே வரும்போதே "தினம் குடிக்கிறனீங்களா, கடைசியா எப்ப குடிச்சனீங்கள்?" என்று கேட்டு எழுதி வைப்பது ஓர் உயிரைக் காப்பாற்றும். அடங்காமல் சத்தம் போடுகிறான் என்று தனியறையில் பூட்டினால், விடியப் பார்க்கும்போது அமைதியாகக் கிடப்பான். அது நல்ல அமைதியாக இருக்காது.

முன்பே வருத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து வேறு விதம். மாத ஊசி தவறினால் உடனே ஒன்றும் தெரியாது. சில வாரங்கள் கழித்துத்தான் குரல்கள் திரும்பும். அதனால்தான் முதல் தவணையில் நன்றாக இருந்தவன் மூன்றாம் தவணையில் விசிறியோடு கதைக்கிறான். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபின் குளிசை எடுப்பவர் இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிட்டால், பழைய அளவைத் திரும்பக் கொடுக்கக்கூடாது. சிறிய அளவிலிருந்து தொடங்க வேண்டும், இரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லிதியம் எடுப்பவருக்கு உடம்பில் தண்ணீர் குறைந்தால் மருந்தே நஞ்சாக ஏறும். வவுனியாவின் ஆவணி மாத வெக்கையில், நெருக்கியடித்த ஒரு கூடத்தில், தண்ணீருக்கு வரிசையில் நிற்பவரை நினைத்துப் பாருங்கள். நாட்டின் சிறைகள் கொள்ளக்கூடியதை விட இரு மடங்குக்கும் மேலானவர்களோடு இயங்குகின்றன, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தீர்ப்பே வராத விளக்கமறியல் கைதிகள். அந்த நெருக்கத்தில் ஒரு மூலையில் சத்தமில்லாமல் ஒடுங்கிக் கிடப்பவரை யார் கவனிப்பது? கத்துகிறவருக்காவது வாகனம் வரும். சாப்பிடாமல், குளிக்காமல், சுவரைப் பார்த்துக் கிடப்பவர் 'பிரச்சினை இல்லாத கைதி'. வைத்தியசாலைக்கு மாற்றுவதன் முதல் கண்ணி சட்டமும் இல்லை, வைத்தியரும் இல்லை. யாரோ ஒருவர் பார்த்துச் சொல்வது. பல வேளைகளில் அது பக்கத்துப் பாயில் படுக்கும் இன்னொரு கைதி.

கட்டளை கிடைத்த பிறகு வருவது வாகனமும் ஆளும். விடுதியில் ஒரு கைதியைச் சேர்த்தால் காவலுக்குக் குறைந்தது இருவர் என்று வைப்போம். நாளுக்கு மூன்று முறைமாற்றம் என்றால் ஆறு பேர். இரண்டு கைதிகள் என்றால் பன்னிரண்டு. சிறையில் அதே ஆட்களை வைத்துத்தான் நீதிமன்றத்துக்கும் கொண்டுபோக வேண்டும், வாசலும் பார்க்க வேண்டும். பெண் கைதி என்றால் பெண் காவலர் வேண்டும், இன்னும் தாமதம். இந்தக் கணக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் நான் பார்த்தவரை எத்தனை நாளில் ஆள் போவார், எத்தனை நாளில் திரும்புவார் என்பதைத் தீர்மானிப்பது இதுதான். விடுதியின் பக்கமும் பார்க்க வேண்டும். சாதாரண மனநல விடுதி பூட்டிய கோட்டை அல்ல. அங்கே பிள்ளை பெற்று மனம் சோர்ந்த தாயும் இருப்பார், பரீட்சைப் பயத்தில் நஞ்சு குடித்த மாணவனும் இருப்பான். நடுவில் கட்டிலோடு விலங்கிட்ட ஒருவரும், சீருடையில் இருவரும். எல்லோருக்கும் சங்கடம். "கொஞ்சம் சுகம், கூட்டிக்கொண்டு போங்கோ" என்ற முடிவு அங்கே சீக்கிரம் வருவதில் ஆச்சரியமில்லை.

விலங்கைப் பற்றி ஐக்கிய நாடுகள் சபை 2015 இல் ஏற்றுக்கொண்ட, நெல்சன் மண்டேலா விதிகள் என்று அழைக்கப்படும் விதிகள் தெளிவாகவே பேசுகின்றன: வேறு வழியில்லாதபோது, தேவையான நேரத்துக்கு மட்டும். அதே விதிகளில் 109 ஆவது, கடுமையான மனநோய் உள்ளவரின் நிலை சிறையில் மோசமாகும் என்றால் அவரைச் சிறையில் வைக்கக்கூடாது, இயன்ற விரைவில் மனநல நிலையத்துக்கு மாற்ற வேண்டும் என்கிறது. 27 ஆவது விதி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மருத்துவத் தீர்மானத்தை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். சிறை அதிகாரி அதை மாற்றவோ புறக்கணிக்கவோ கூடாது. வாகனம் இல்லை என்று கிளினிக் நாளைத் தள்ளிப்போடுவதும் ஒருவகைப் புறக்கணிப்புத்தான், யாரும் எழுத்தில் மறுக்காவிட்டாலும்.

எங்கள் நாட்டுச் சட்டம் எங்கே நிற்கிறது? மனநோய்கள் கட்டளைச் சட்டத்தின் வேர் 1873 இல் இருக்கிறது. 1956 இல் திருத்தியபோதுதான் பெயர் மாறியது, தானாக விரும்பி வந்து சேரும் நோயாளி என்ற எண்ணமும் உள்ளே வந்தது. புதிய மனநலச் சட்டம் ஒன்றைப் பற்றி நீண்ட காலமாகப் பேச்சு நடக்கிறது. பழைய சட்டத்தின் அடிப்படை, ஆளை அடைத்து வைப்பது எப்படி என்பது. எங்கே, எவ்வளவு பக்கத்தில், எந்த மொழியில் சிகிச்சை என்று அது யோசிக்கவில்லை. 1873 இல் யோசித்திருக்கவும் முடியாது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர்களின் நிலை இதிலும் சிக்கலானது. 1979 ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் கீழ் தடுப்புக் காவல் கட்டளை 18 மாதம் வரை நீளலாம் என்றிருந்தது. 2022 திருத்தம் அதை 12 மாதமாக்கியது. அந்தக் காலம் முழுவதும் ஆள் சிறையில் அல்லாமல் பொலிஸ் காவலில் இருக்கலாம், சிறை வைத்தியரின் கண்ணில் படாமலே. தடுப்பு இடத்துக்கு நீதவான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று திருத்தம் சொல்கிறது. அந்தச் சந்திப்பில் "சாப்பிடுறீங்களா, நித்திரை வருதா?" என்ற இரண்டு கேள்வி போதும், பல விடயம் வெளியே வர.

குடும்பங்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: நாங்கள் என்ன செய்யலாம்? சாமான் கொண்டுபோகும் முதல் நாளே கொப்பியின் பிரதியையும் கொண்டு போங்கள். மூலக் கொப்பியைக் கையில் வைத்திருங்கள். மருந்தின் பெயர், அளவு, கடைசி ஊசித் திகதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி, முடிந்தால் கிளினிக் வைத்தியரிடம் ஒரு கடிதமும் வாங்கி, சிறை அத்தியட்சகருக்குக் கொடுங்கள். அடுத்த தவணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சட்டத்தரணி நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் நகர்த்தல் பத்திரம் (மோஷன்) மூலம் வழக்கை முன்கூட்டியே அழைப்பிக்கலாம். காசு இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. தடுப்பிடங்களுக்கு முன்னறிவித்தல் இல்லாமல் போகும் அதிகாரம் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு உண்டு, அதன் அலுவலகம் வவுனியாவிலும் இயங்குகிறது. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வையுங்கள், மடு மாதா கோயிலுக்கும் போங்கள், அதில் தடையொன்றும் இல்லை. ஆனால் கொப்பியை மறக்காதீர்கள்.

திரும்பி வரும் கட்டம்தான் யாரும் எழுதாதது. விடுதியில் சுகமாகி, கையில் டயக்னோசிஸ் காட்டோடு ஆள் சிறைக்கு வருகிறார். காட் கோப்புக்குள் போகிறது, குளிசை வேறோர் அலுமாரிக்குள் போகிறது. ஒரு நாள் நீதிமன்றத்திலேயே பிணை கிடைக்கிறது. நேராக பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறார், குளிசை சிறையிலேயே இருந்துவிடுகிறது. ஒன்றரை மாதத்தில் அதே கூண்டு. சிலருக்கு இதற்கு நேர்மாறு: சுகமாகி, வழக்கும் முடியக்கூடிய நிலையில், பொறுப்பெடுக்க வீட்டில் ஆளில்லை. அண்ணன் வெளிநாட்டில், தாய் இறந்துவிட்டார், காணி பங்குபோட்டாயிற்று. அவர்களுக்கு வைத்தியசாலையே ஊராகிவிடுகிறது.

தண்ணீர் மோட்டர் பொடியனை அதற்குப் பிறகு ஒரு தவணையில் கண்டேன். பக்கத்து வைத்தியசாலை விடுதியிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கொடை வரை போகத் தேவைப்படவில்லை. முகம் கொஞ்சம் உப்பியிருந்தது, மருந்தால் இருக்கலாம். பெயர் கேட்டதும் சொன்னான். தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னான். வழக்கு தவணையிடப்பட்டது, 14 ஆம் திகதி. வெளியே, வாகனத்தில் ஏற்றுவதற்கு முன் தாய் கொப்பியை விரித்து சிறைக்காவலரிடம் காட்டினார்.

"தம்பி, ஊசியும் பதினாலாம் திகதிதான் எழுதியிருக்கு. எதுக்குக் கொண்டு போவியள்?"

அவர் கொப்பியைப் பார்த்தார், வாகனத்தைப் பார்த்தார்.

"பாப்பம் அம்மா" என்றார்.